புதைகுழி என்று நான் படித்த சொல்

‘பியானோவை விட்டு மருந்தாளர் படிப்புக்கு ஒத்துக்கொண்டாள்.’ மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன ஆண்டு, பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு, என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்.

ஒத்துக்கொள்ள வைத்தது நான் சொன்ன கதை. அவள் உயிராய் வாசித்த இசையை எழுதிய வியன்னா மேதை வறுமையில் செத்தார், பலரோடு ஒரே குழியில் போட்டார்கள் என்றேன். நான் படித்த ஆங்கிலப் புத்தகத்தில் ‘கொமன் கிரேவ்’ என்று இருந்தது. போர் நடந்த வன்னியிலிருந்து வந்த நான் அதைப் பலரை ஒன்றாகப் போட்டு மூடும் புதைகுழி என்றே எடுத்துக்கொண்டேன். “உலகம் கொண்டாடுற ஆளுக்கே அந்தக் கதி, பிள்ளை” என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு, நாங்கள் குடியேறிய வெரிபீ நகரின் நூலகத்தில் அவரைப் பற்றிய நூல்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் நன்றாகச் சம்பாதித்தவர், அதைவிடக் கூடுதலாகச் செலவழித்துக் கடன்பட்டவர். ‘கொமன்’ என்றது பலருக்கும் பொதுவான குழி என்ற பொருளில் அல்ல; அது பிரபுக்கள் அல்லாத எல்லாருக்கும் அந்நகரில் வழக்கமாகக் கிடைத்த சாதாரணக் குழிதான். பெரும்பாலும் அவரைத் தனியாகவே புதைத்திருப்பார்கள் என்கிறார்கள்.

போன கிழமை மகளிடம் இதைச் சொன்னேன். பல வருஷமாக ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

“எனக்கு அப்பவே தெரியும், அப்பா.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் அழுதுகொண்டெல்லோ சொன்னனீங்கள். குழியைப் பற்றி உங்களோட வாதாட எனக்கு மனம் வரேல்லை.”

“அப்ப பியானோவை ஏன் விட்டனீ?”

“அது எனக்கே அலுத்துப்போச்சு.”

வியன்னாக் கதையைப் பல நூல்களோடு ஒப்பிட்டுத் திருத்திவிட்டேன். அவளுக்கு அலுத்தது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.