பாலிசிக்காகக் காத்திருந்த கண்

போன வாரம் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என் அக்காவின் வலது கண்ணை மூடிவிட்டு, "இது எத்தனை விரலும்மா?" என்று கேட்டார்.

"விரலக் காட்டுங்க தாயி, சொல்லுறேன்" என்றாள் அக்கா.

விரல்கள் அவள் முகத்துக்கு நேரேதான் இருந்தன.

அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்க்கிறாள். நான் அருப்புக்கோட்டையில். பட்டா, பென்ஷன், பாலிசி... எந்தக் காகிதம் வந்தாலும் சொந்தக்காரர்கள் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சமா? நிறையவே!

போன வருஷம் அவள் ஊருக்கு இலவசக் கண் முகாம் வேன் வந்தது.

"இடது கண்ணு மங்கலா இருக்குடா தம்பி. தெருவே கெளம்புது, நானும் போயிட்டு வாரேன்" என்று போன் பண்ணினாள்.

நான் விட்டேனா? அவளுக்கு மெடிக்கல் பாலிசி போட்டிருந்தேன். அதில் கண்புரை ஆபரேஷனுக்கு இரண்டு வருஷம் காத்திருந்தால்தான் பணம் தருவார்கள். முடிய இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

"முகாமெல்லாம் எதுக்குக்கா? புரைதான, நல்லா முத்தட்டும். பதினோரு மாசம் பொறு. பெரிய ஆஸ்பத்திரியிலயே பண்ணிருவோம்."

"சரிடா" என்று வைத்துவிட்டாள்.

புரை என்று யார் சொன்னது? நான்தான். நான் என்ன டாக்டரா?

அந்தப் பதினோரு மாதத்தில் கதவு நிலையில் இரண்டு தடவை இடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் இடப்பக்கம் வந்த ஆட்டோவிடமிருந்து மயிரிழையில் தப்பினாள். "பராக்குப் பாத்துக்கிட்டே நடப்பியாக்கும்?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "புரை கொஞ்சம் இருக்கு சார். ஆனா பார்வை போனது அதனால இல்ல. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போச்சு. க்ளாக்கோமா. பெரும்பாலும் வலிகூடத் தெரியாது. போன பார்வை திரும்பாது. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. சொட்டு மருந்த ஒரு நாள்கூட விடாம போட்டா அதைக் காப்பாத்தலாம்."

"போன வருஷமே வந்திருந்தா?"

கேட்டிருக்கக் கூடாது.

"இந்தக் கண்ணையும் ஓரளவு காப்பாத்தியிருக்கலாம் சார்."

வயசானவர்களுக்குக் கண் வைத்தியம் என்றால் கண்ணாடி, புரை — இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். அழுத்தம் வேறு. சர்க்கரையால் விழித்திரை கெடுவது வேறு. எல்லாமே 'மங்கல்' என்றுதான் ஆரம்பிக்கும். எது என்று பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும்; அந்தப் பரிசோதனைக்கு எந்தப் பாலிசிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் பாலிசியில் ஆபரேஷன் உண்டு, சொட்டு மருந்தும் கண்ணாடியும் கிடையாது. இதுவும் போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் பாலிசியிலும் அரசுக் காப்பீட்டு அட்டையிலும் எதெது உண்டு, எதெது இல்லை என்று கேட்டு வையுங்கள். ஆனால் முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வந்து கேளுங்கள், சாமி!

திரும்பும் பஸ்ஸில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரியாபட்டி தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன்க்கா, நான் சொன்னா அப்படியே இருந்துருவியா? மத்த நாள்ல எம் பேச்சக் கேட்டுருக்கியா நீ?"

அவள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. என்னைப் பார்க்க முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது அவளுக்கு.

"எனக்காக நீ காசு போட்டுப் பாலிசி எடுத்திருக்க. அதையும் மீறி நான் வேன்ல ஏறுனா, தம்பிய நம்பலன்னு ஆயிருமேடா."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.