மிளகுக் கறுப்பு

கொச்சங்காடி மிளகுக் கிடங்கில் வேலை பார்க்கிறவளுக்கு உடம்பிலிருந்து வருவதெல்லாம் கறுப்புதான். தும்மினால் கறுப்பு. துப்பினால் கறுப்பு. தலைக்கு ஊற்றினால் தண்ணீர் கறுப்பாக ஓடும். ஆகையால், வெளிக்குப் போவதும் கறுப்பாக ஆனபோது மாயம்மாள் பயப்படவில்லை. பயப்பட்டிருக்க வேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து புருஷன் ஒச்சப்பனோடு அவள் மட்டாஞ்சேரிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவன் கைவண்டி இழுத்தான். அவள் முறம் பிடித்தாள். கிடங்கு முற்றத்தில் நாற்பது பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து, மிளகை முறத்தில் அள்ளித் தட்டித் தட்டித் தூசியையும் சொத்தையையும் பிரிக்க வேண்டும். காலை எட்டுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் எழுந்திருப்பது. ஒவ்வொருத்தி முறத்துக்கும் ஒரு தாளம் உண்டு. பக்கத்தில் உட்காரும் சீனியம்மாளுக்கு மூன்று தட்டு, ஒரு வீச்சு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மாயம்மாள் சொல்லிவிடுவாள், இது சீனி என்று.

அந்த வருஷம் சங்கம் சண்டை போட்டு ஓர் ஒப்பந்தம் வாங்கியிருந்தது. ஞாயிறு போக, இடையில் ஒரு நாளும் விடாமல் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவளுக்கு வேலை நிரந்தரம். ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. நிரந்தரம் என்றால் மழைக்காலத்தில் 'போய்ட்டு அப்புறம் வா' என்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆடி மாசத்திலும் அடுப்பு எரியும். நல்ல ஒப்பந்தம் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். கையெழுத்துப் போட்ட தலைவர்களில் ஒருத்தனாவது ஒரு வாரம் குத்தவைத்து முறம் பிடித்திருந்தால், 'ஒரு நாளும் விடாமல்' என்ற சொல்லை உள்ளே விட்டிருக்க மாட்டான்.

மாயம்மாளும் சீனியம்மாளும் ஒரே நாளில் எண்ண ஆரம்பித்தார்கள். ஹாஜர் புத்தகம் மலையாளத்தில் இருந்தது. இருவருக்கும் எந்த எழுத்தும் தெரியாது. மாயம்மாள் தினமும் ஒரே ஒரு மிளகை முந்தானை ஓரத்தில் முடிந்து வந்து பால்டப்பாவில் போட்டாள். டப்பாவை ஆட்டினால் சத்தம் கேட்கும். அது நிறைய நிறைய அவளுக்குத் தெம்பு வந்தது.

குத்தவைத்து வேலை செய்தால் மத்தியானத்துக்குள் இடுப்பு இற்றுப்போகும். அதற்கு முக்குப் பெட்டிக்கடையில் தலைவலிப் பொடி விற்றார்கள். சின்னப் பொட்டலம். நாக்கில் தட்டிக்கொண்டு மேலே பாலில்லாத ஒரு கட்டன் சாயா குடித்தால் அரைமணியில் இடுப்பு வலி போன இடம் தெரியாது. முற்றத்தில் பொடி போடாத பெண் கிடையாது. மாயம்மாள் முதலில் நாளுக்கு ஒன்று போட்டாள். கார்த்திகை பிறந்தபோது நாலு. காலைப் பொடி வெறும் வயிற்றில்.

முதலில் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிந்தது. பிறகு புளித்த ஏப்பம். கஞ்சி இரண்டு கை உள்ளே போனதும் வயிறு கல்லாகிவிடும், மூன்றாவது கை இறங்காது. விடிகாலையில் ஒன்றுமில்லாத வயிறு குமட்டும். மருந்துக்கடைச் சேட்டன் கேட்டுவிட்டு, "இது கேஸாணு" என்றான்.

ஒச்சப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கேஸா? நாங்க யாருகிட்டயும் ஒரு வம்புக்கும் போனதில்லயே சேட்டா!"

கடையே சிரித்தது. வயிற்றுக்குள் காற்று என்று சேட்டன் விளக்கி, சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஒரு வெள்ளை மருந்து கொடுத்தான். மறுநாள் சீனியம்மாள் முற்றம் முழுக்கச் சொல்லிவிட்டாள்: "அடியே, மாயி மேல கேசு போட்டிருக்காகளாம்! வக்கீலு வெள்ளச் சட்ட போட்டு பாட்டில்ல வந்திருக்காரு!" மாயம்மாளும் சிரித்தாள். சிரித்தால் எரிச்சல் கூடியது. வெள்ளை மருந்து குடித்த ஒரு மணி நேரம் அடங்கும். அந்த ஒரு மணியில் அடுத்த பொடியைப் போட்டுக்கொள்வாள்.

இருநூறாவது மிளகு டப்பாவில் விழுந்த வாரம்தான் கறுப்பு வந்தது. பொதுக் கக்கூஸில் இரண்டு செம்பு தண்ணீருக்கும் போகவில்லை. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, இதுவரை அறியாத ஒரு நாற்றம். வேலைக்கு வந்ததும் சீனியின் காதில் சொன்னாள்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றாள் சீனி. "நாள் பூரா மெளகுத் தூசியத் திங்கிற. பின்ன மஞ்சளாவா வரும்? எனக்கு நாலஞ்சு மாசமா அப்பப்ப அப்படித்தேன் போகுது. ஒன்னும் செத்துப் போயிறல."

சரியாகத்தான் பட்டது. வாயில் போனது கீழே வருகிறது. மாயம்மாள் அதைப்பற்றி நினைப்பதை விட்டாள்.

பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது. எழுந்தால் கண் இருட்டியது. ஒச்சப்பன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான்.

"போனா ஒரு நாளு போயிரும்யா" என்றாள். "டப்பாவ ஆட்டிப் பாரு. இன்னும் இருபது கூட இல்ல."

"டப்பா நெறையும். நீ இருப்பியா?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

இருநூற்று இருபத்தாறாவது நாள் மத்தியானம், முறத்தோடு எழுந்தவள் மிளகுக் குவியலிலேயே விழுந்தாள். வாந்தி எடுத்தாள். காப்பித் தூள் கரைத்த மாதிரி இருந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒச்சப்பன் ஒன்று கொடுத்தான். வண்டிக்காரர்களில் ஒருத்தன் இன்னொன்று கொடுத்தான். பேச முடிந்தபோது டாக்டர் கேட்டாள்: "வெளிக்குப் போறது எந்து நிறம்?"

"கறுப்புத்தேன் தாயி. எங்களுக்கெல்லாம் அப்படித்தேன். மெளகு வேலைல்ல."

"ஆரு பறஞ்சது? மொளகுப் பொடி போனா இங்ஙன வராது. இது ரக்தம். வயித்தினுள்ளே புண்ணு. அதிலே ஒழுகுற ரக்தம் கெட்டுக் கறுப்பாகுது. தாரு மாதிரி ஒட்டுமல்லே? நாறுமல்லே?"

"ஆமா தாயி."

"அந்த வேதனைப் பொடியாணு புண்ணாக்குறது. இனி தொட்டா சாவே. மனசிலாயோ?"

மாயம்மாளுக்கு மனசிலானது வேறொன்று. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். எனக்கு நாலஞ்சு மாசமா அப்படித்தேன். யார் சொன்னது? சீனி சொன்னாள்.

ஒச்சப்பனைச் சீனியிடம் அனுப்பினாள். அவன் போய் வந்து சொன்னான்: "சிரிக்கிறாடி. 'ஒன் பொண்டாட்டி கேச எந்தலைல கட்டப் பாக்காத'ங்கிறா."

ஒன்பதாம் நாள், டாக்டர் திட்டத் திட்ட மாயம்மாள் வெளியே வந்தாள். நேரே கிடங்குக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் தூக்குப்பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"வெக்கப்படாம சொல்லுங்கடி. யாருக்கெல்லாம் கறுப்பாப் போகுது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு மூலையில் சோற்றுக்கை மடியில் கிடக்க ஓர் இடதுகை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்று ஒன்றாக. ஆறு. ஏழு.

சீனியின் கை எழவில்லை. அவள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஹாஜர் எழுதும் வைத்தீஸ்வரன் காதில் செருகிய பென்சிலை எடுத்துக்கொண்டிருந்தான். பாலக்காட்டுக்காரன். கெட்டவன் இல்லை. எழுதச் சொன்னதை எழுதுகிறவன்.

"எந்தாது, கை எல்லாம் பொக்கிண்டிருக்கேள்?" என்றான். "அசுகம் உள்ளவாள்ளாம் ஆருன்னு சொல்லுங்கோ. ரெண்டு நாள் வீட்ல இருந்து சரியாக்கிண்டு வரட்டும்னு மொதலாளி சொல்லுவர். நன்னாக்கும்."

ரெண்டு நாள் வீட்டில் இருந்தால் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

"கைய எறக்குங்கடி" என்றாள் சீனி, சத்தமில்லாமல்.

ஏழு கையும் இறங்கின. ஒருத்தி ஊறுகாய் கேட்டாள். வைத்தீஸ்வரன் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டான்.

கைகழுவும் குழாயடியில் மாயம்மாள் சீனியைப் பிடித்து நிறுத்தினாள். டாக்டர் செய்த மாதிரியே கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தாள். உள்ளே தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுத்திருந்தது.

"பாத்துட்டியா? விடு" என்றாள் சீனி. "இன்னைக்கு எரநூத்தி முப்பத்தி நாலு. இன்னும் ஆறு நாள்டி மாயி. ஆறே நாள். ஒனக்குப் போச்சுன்னு எனக்கும் போவணுமா?"

மாயம்மாளுக்கு அது சுருக்கென்றது. அவளுக்குப் போய்த்தான் விட்டது. வீட்டு டப்பாவில் இருநூற்று இருபத்தாறு மிளகு சும்மா கிடந்தது.

"பொடியாவது போடாம இரு."

"போடாட்டி உக்கார முடியாது."

"கட்டன்?"

"அதுவும் இல்லாம எதுக்குடி உசுரு?" என்று சிரித்தாள். உதடும் வெளுத்திருந்தது.

மறுநாளிலிருந்து மாயம்மாள் கிடங்கு வாசலுக்கு எதிரே, தெருவோரத்தில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, உப்பில்லாத குழைந்த கஞ்சியைக் காவல்காரன் கையில் கொடுத்துச் சீனிக்கு அனுப்பினாள். மீதி நேரமெல்லாம் காதைச் சுவரிடம் கொடுத்திருந்தாள். நாற்பது முறம் தட்டும் சத்தத்துக்குள் மூன்று தட்டு, ஒரு வீச்சு. ஒச்சப்பனைக் காலி வண்டியோடு பக்கத்தில் நிற்கவைத்தாள்.

"பிழைப்ப விட்டுட்டு எத்தன நாளு இப்படி நிக்கிறது?" என்றான் அவன்.

"அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும்."

அவன் வண்டியில் ஒரு சாக்கை விரித்துப் போட்டான்.

முதல் நாள் சாயங்காலம் சீனி தன் காலால் நடந்து வந்தாள். "எம்புட்டு நேரமா உக்காந்திருக்க, கழுகு மாதிரி?" என்று திட்டினாள். இரண்டாம் நாள் திட்டவில்லை. மூன்றாம் நாள் வாசல் படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துதான் எழுந்தாள். "மூணு" என்று விரலைக் காட்டினாள்.

நாலாம் நாள் மத்தியானக் கஞ்சி தொடாமல் திரும்பி வந்தது. மாயம்மாள் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மூன்று தட்டு, ஒரு வீச்சு. மூன்று தட்டு. வீச்சு வர நேரமானது. இரண்டு தட்டு, வீச்சு இல்லை. ஒரு தட்டு.

மற்ற முறங்கள் கேட்டுக்கொண்டே இருந்தன.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வண்டியத் திருப்புய்யா" என்றாள்.

உள்ளே இன்னும் யாரும் கத்தவில்லை.