செம்மஞ்சள் கோட்டு வேண்டாமென்ற நாள்

கெலிஓயாவில் எங்கள் நாய் மணியைத் தினமும் காலையில் நடக்கக் கூட்டிப்போவது நான்தான். மழை பெய்தாலும் அவன் விடமாட்டான். அதற்காகவே ஒரு மழைக்கோட்டு வாங்கக் கண்டிக்குப் போனேன்.

கடைக்காரர் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதப் போடுங்க மிஸ். பனியிலயும் தூரத்துல தெரியும்."

என் அப்பா வீதி கூட்டியவர். மழைக்காலம் முழுக்க இதே நிறக் கோட்டோடுதான் நிற்பார். நானோ கந்தோரில் மேசைவேலை பார்க்கும் எழுதுவினைஞர்.

"வேணாம், அந்தக் கறுப்பத் தாங்க" என்றேன்.

மூன்றாம் நாள் மழையோடு பனியும் மூடியிருந்தது. வளைவில் திரும்பிய முச்சக்கர வண்டி மணியின் பின்னங்காலில் ஏறிவிட்டது.

"நீங்க நின்னது கண்ணுக்கே தெரியல மிஸ்" என்று சாரதி அழாக்குறையாகச் சொன்னார். மிருக வைத்தியர் அந்தக் காலை எடுத்துவிட்டார்.

இப்போது செம்மஞ்சள் கோட்டுதான் போடுகிறேன். மணி மூன்று காலில் தத்தித் தத்திக் கூடவே வருகிறான். வாகனங்கள் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கின்றன. தெரிந்தவர்களும் தூரத்திலேயே கண்டுகொண்டு, "என்ன, அப்பாவோட வேலைக்கே போயிட்டீங்களா?" என்று சிரிக்கிறார்கள்.

இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் மணியின் காலைப் பறிகொடுத்தேன்.