ஒற்றை ஷூ

அலுவலக மேசையின் அடி இழுப்பறையில் ஒரு பழைய செல்போன் கிடக்கிறது. மூலையில் கண்ணாடி கீறி, பின்மூடி கழன்று விழாமலிருக்க ரப்பர் பேண்டு போட்டது. அதைத் திறந்தால் முதலில் வருவது ஒரு வெள்ளைக் கான்வாஸ் ஷூவின் படம். ஜோடி இல்லை, இடது கால் ஷூ மட்டும், சிமெண்டுத் தரையில், கயிறு அவிழ்ந்து. மற்றவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. நான் மாதம் ஒருமுறை எடுத்து சார்ஜ் போட்டு வைக்கிறேன்.

அந்தப் போனை வைத்திருந்தவர் எங்கள் பி.டி. டீச்சர். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் எழுத்தர். அவர் விசில் அடித்தால் ஆற்றுக்கு அக்கரையில் மாடு மேய்ப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். காலைப் பயிற்சிக்குக் கிளம்பும் கோ-கோ பெண்கள், ஷூ மாட்டியதும் இரண்டு காலையும் படமெடுத்துப் பள்ளிப் போனுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். கிளம்பிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். ஒருநாள் ஒரு பெண்ணிடமிருந்து ஒரே ஒரு ஷூ வந்தது. விளையாடப் போகக்கூடாதென்று இன்னொன்றை அப்பா ஒளித்துவைத்து, அவளையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். டீச்சர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், வாசலில் நின்று, அரைமணி நேரம் வாயாடி அவளை அழைத்து வந்தார். அன்றிலிருந்து ஒற்றை ஷூ என்றால் 'பேச முடியவில்லை, வாங்க' என்று பெண்களே வைத்துக்கொண்டார்கள். பிறகு நாலு வருஷத்தில் ஐந்தாறு வந்திருக்கும். ஒன்றுக்குக்கூட அவர் போகாமல் இருந்ததில்லை. இரண்டு சிறுவயதுக் கல்யாணங்கள் அப்படித்தான் நின்றன.

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் குழந்தைகளைப் பாதுகாக்க ஒரு சட்ட வரைவு வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள், பெற்றோர் அடையாளச் சான்றோடு சம்மதம் தந்தால்தான் இப்படிப் படமும் செய்தியும் அனுப்பும் செயலிகளில் சேர முடியும்; ஆட்சேபணை இருந்தால் எழுதி அனுப்பலாம் என்றார்கள். நல்ல சட்டம்தானே என்றுதான் எனக்குப் பட்டது. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணின் படத்தை எவனோ ஒரு படுபாவி அசிங்கமாக மாற்றிப் பரப்பி, அந்தக் குடும்பமே ஊரைக் காலி செய்துகொண்டு போயிருந்தது. என் வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறாள். டீச்சரிடம் அதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"பயம் நியாயம்தான் சார். ஆனா அப்பா கையெழுத்துப் போட்டாதான் பேசலாம்னா, அப்பாவப் பத்திச் சொல்ல வேண்டியவ யார்கிட்ட சார் போவா?"

ஆட்சேபணை மனுவை நானே அடித்துத் தருகிறேன் என்றேன். மனுப் போடுவது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. எண்ணெய்க் கிணறு வேண்டாமென்று முன்பு ஊர்க்காரர்களுக்கு அடித்துக் கொடுத்த மனு கணினியில் இருந்தது. அதையே திறந்து இங்கே அங்கே மாற்றினேன். அதில் ஒரு வரியை எடுக்க மறந்து தொலைத்தேன். அறுபது கையெழுத்து வாங்கிய பிறகுதான் டீச்சர் கண்ணில் பட்டது: 'மேற்படி திட்டத்தால் எங்கள் நிலத்தடி நீர் முற்றிலும் பாதிக்கப்படும்.' அடக்க மாட்டாமல் சிரித்தார். "இருக்கட்டும் சார், படிக்கிறவங்களாவது முழிச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினார். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று அவர் விளக்க, பெண்கள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். தாள்களெல்லாம் சேற்று விரல். பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது.

பெற்றோர் கூட்டத்தில் அப்பாக்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பெண் யாரிடம் என்ன பேசுகிறாள் என்று நாங்கள் பார்க்கக்கூடாதா, அதைத் தடுக்க நீங்கள் யார் என்று ஒருவர் எழுந்து கத்தினார். பக்கத்து ஊர்ப் பெண்ணைச் சொல்லி இன்னொருவர் அழுதேவிட்டார். டீச்சர் பேச எழுந்தார், பேச விடவில்லை. மறுநாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். எப்படியும் சட்டம் வரத்தான் போகிறது, அப்போது நாம் மாட்டிக்கொள்ளக்கூடாது, அப்பா சம்மதக் கடிதம் தராத பெண்களின் எண்களைப் பள்ளிப் போனில் பிளாக் செய்துவிட்டு, போனை உள்ளே வைத்துப் பூட்டுங்கள் என்றார். ஆசிரியர்கள் சொந்த எண்ணைக் கொடுக்கக்கூடாது என்பது பழைய உத்தரவு. பதினோரு எண்கள், பாதிக்கு மேல் அம்மாக்களின் போன். நான்தான் செய்தேன், இந்த விரலால். சட்டம் வரவில்லை, வெறும் வரைவு. ஒரு வரைவுக்குப் பயந்து நாங்கள் முந்திக்கொண்டோம். எதற்கு வம்பு என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு முதல் நாள் டீச்சர் என் மேசைக்கு வந்தார். "பள்ளிக்கூடம் நடந்தா நேர்ல சொல்லுவாங்க. லீவுக்கு மட்டும் அந்தப் போனக் குடுங்க சார்."

தாளாளர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது என்றேன். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இல்லை. ஓடினால் அவளைத் தொட ஆளே கிடையாது. அப்படி ஒரு கால். விடுமுறையிலேயே வேதாரண்யத்தில் உறவுக்காரப் பையனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். பதினோரு பேரில் ஒருத்தி. டீச்சர் வந்து இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். என் கண்ணெதிரிலேயே எல்லா எண்களையும் விடுவித்தார். காத்திருந்து பார்த்தார். "ஒண்ணும் வரல சார்" என்று போனை மேசையில் வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் அனுப்பவில்லை, அப்படியென்றால் என்மேல் தப்பில்லை. அந்த வருஷமே டீச்சர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் நன்றாகவே தூங்கினேன்.

இந்தத் தை அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேதாரண்யம் போயிருந்தேன். கடலில் முழுகிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கையில், "சார், நல்லா இருக்கீங்களா?" என்று குரல் கேட்டது. அவள்தான். உப்பளத்து வேலைக்குப் போய் வருகிறாளாம். என்னையறியாமல் அவள் காலைப் பார்த்தேன். குதிகாலெல்லாம் வெடித்து, வெடிப்பில் வெள்ளை ஏறிக் கிடந்தது. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"டீச்சர் ஏன் சார் வரல?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "அம்மா போன்லேருந்து ஒத்த ஷூ அனுப்புனேன். ஒரு டிக்குதான் விழுந்துச்சு. ரெண்டாவது விழுந்துடும், விழுந்துடும்னு கல்யாணத்தன்னிக்குக் காலையில வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பிளாக் செய்த எண்ணிலிருந்து அனுப்பினால் ஒரு டிக்தான் விழும், பிற்பாடு விடுவித்தாலும் அது வந்து சேராது என்று என் மகள் பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது.

"போன் ரிப்பேரும்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்படியா சார். என்மேல ஏதோ கோவம்னு நெனச்சுட்டேன். நான் ஒண்ணும் தப்பா நெனைக்கலன்னு டீச்சர்கிட்ட சொல்லிடுங்க சார்."

சொல்கிறேன் என்றேன். பஸ் நாகப்பட்டினத்தில் இருபது நிமிஷம் நின்றது. டீச்சர் வீடு நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு. போய்ச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அவள் அனுப்பினாள், நான் அடைத்து வைத்திருந்தேன் என்று. சீட்டை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

அந்த வரைவு இன்னும் வரைவாகவே இருக்கிறது. இன்றைக்கும் போனை எடுத்து சார்ஜ் போட்டேன். அதே படம், யாரோ ஒருத்தியின் பழைய ஒற்றை ஷூ. இவள் அனுப்பியது இதில் இல்லை, இனி வரவும் வராது. அவள் டீச்சருக்குச் சொல்லியனுப்பிய இரண்டு சேதியும் என்னைத் தாண்டிப் போகவில்லை. சார்ஜ் ஏறியதும் போனை உள்ளே வைத்துப் பூட்டினேன்.