கரண்டியில் நிற்காத பூசணிக்காய்

மூன்று வாரத்துக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை, மதிய நேரத்து லுஹர் தொழுகையை, அதன் நான்கு ரக்அத்தில் மூன்றாவதில் விட்டுவிட்டு ஓடினேன்.

வீடு தீப்பிடிக்கவில்லை. கடல் ஊருக்குள் வரவில்லை. என் மகள் ஹனா பூசணிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்!

சிரிக்காதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.

ஹனாவுக்கு ஆறு மாதம் முடிந்த அன்றே நான் தயார். புது பிளெண்டர், புது வடிதுணி, ஒரு கொப்பி. பூசணிக்காய் மூன்று நாள், கரட் மூன்று நாள், உருளைக்கிழங்கு மூன்று நாள் – எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நேரத்தோடு குறிப்பு. பள்ளிக்கூடத்தில் பாடக்குறிப்பு எழுதிய கை, பிரசவ லீவில் மட்டும் சும்மா இருக்குமா?

அவித்து, அடித்து, கொதித்தாறிய தண்ணீர் விட்டு, மறுபடி அடித்து, துணியில் வடித்து... கிண்ணத்தில் பட்டுப் போல இருக்கும். ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் தொண்டையில் சிக்கிவிடுமே!

ஒரு மாதம் கழித்துக் கிளினிக் போனோம். பிள்ளையின் நிறைக் கார்டில் மாதா மாதம் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள்தானே? ஹனாவின் கோடு ஆறு மாதம் வரை ஏறி வந்து, அதன் பிறகு நம் கரையோர வீதி மாதிரி மேடு பள்ளமில்லாமல் போயிருந்தது.

மிட்வைஃப் மிஸ் காரைதீவுக்காரி. என்னைவிட நான்கு வயது இளையவர்.

"என்ன டீச்சர் குடுக்கிறீங்க?"

கொப்பியை நீட்டினேன். கூடவே பையிலிருந்த கிண்ணத்தையும் திறந்து காட்டினேன். மிஸ் கரண்டியில் எடுத்துச் சரித்தார். வழிந்து போனது.

"இது சாப்பாடு இல்ல டீச்சர், பூசணிக்காய் ஜூஸ். இதால வயிறு நிரம்பும். நிறை எங்கால வாற?"

"கட்டியா இருந்தா சிக்காதா மிஸ்?"

"கரண்டியச் சரிச்சாலும் விழாத மாதிரி மசிச்சுக் குடுங்க. இருமினா, ஓங்காளிச்சா பயப்பிடாதீங்க, அது புள்ள பழகுறா. சத்தமே வராட்டித்தான் பயப்பிட வேணும்."

"ஓம் மிஸ்" என்றேன். வீட்டுக்கு வந்து என்ன செய்தேன்? தண்ணீரில் ஒரு தேக்கரண்டி குறைத்தேன். படித்தவர்கள் ஆலோசனையை இப்படித்தான் கேட்போம் – கேட்டோம் என்ற திருப்திக்கு வேண்டிய அளவு மட்டும்.

அந்தச் சனிக்கிழமை பூசணிக்காயை அவித்து ஆறவைத்த நேரம் கரண்ட் போய்விட்டது. வந்ததும் அடித்துக் கொடுக்கலாம் என்று, ஹனாவைக் கணவரிடம் விட்டுவிட்டுத் தொழப் போனேன்.

மூன்றாவது ரக்அத்தில் கேட்டது. ஓர் ஓங்காளம். பிறகு ஓர் இருமல். பிறகு... ஒன்றுமில்லை. சத்தமே இல்லை.

பிள்ளைக்கு ஆபத்தென்றால் தொழுகையை விடலாம் – அது எனக்குத் தெரியும். ஆபத்தா இல்லையா என்பதுதான் தெரியாது. விட்டுவிட்டு ஓடினேன்.

குசினியில் ஹனா தன் வாப்பாவின் மடியில் இருந்தாள். முகமெல்லாம் மஞ்சள். வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வராததற்குக் காரணம், வாய்க்கு வேலை இருந்தது!

"என்னகா, தொழுகைய உட்டுட்டா ஓடி வாறாய்?"

"என்ன குடுத்தீங்க அவக்கு?"

"நீ அவிச்ச பூசணிக்காய்தான். புள்ள பசியில கத்துறா, கரண்ட் எப்ப வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? பிஸ்மி சொல்லி, சோத்தோட விரலால மசிச்சன்."

"சிக்கினா என்ன செய்வீங்க?"

"முதல் வாய்க்கு ஓங்காளிச்சா. பொறகு அவவே முன்னுக்குத் தள்ளி மெண்டு முழுங்கினா. இப்ப பாரு, என்ட விரலயும் சேர்த்துத் திங்கப் பாக்கிறா!"

என் பட்டுக் கூழுக்கு ஒருநாளும் இப்படி வாயைத் திறந்ததில்லை, கள்ளி.

கையைக் கழுவிவிட்டு வந்து அடுத்த வாயை நானே கொடுத்தேன். அவள் நிதானமாக மென்றாள். பிறகு போய் லுஹரை முதலிலிருந்து தொழுதேன்.

இப்போது உறுதியாகச் சொல்கிறேன். துணியில் வடித்து நான் கொடுத்ததெல்லாம் என் பயத்துக்கான சாப்பாடு. ஹனாவுக்கானதைச் சக்கை என்று கொட்டியிருக்கிறேன். தொண்டையும் நாக்கும் அவளுடையவை, பழகவேண்டியதும் அவள்தான். பக்கத்தில் இருந்து பார்ப்பது மட்டுமே நம் வேலை. அந்த நாளிலிருந்து எல்லாம் கையால் மசித்ததுதான் – பருப்பு, கீரை, முள் பார்த்து எடுத்த மீன் கூட.

நேற்று முன்தினம் கிளினிக். தராசு ஆடி நின்றது. மிஸ் புள்ளி வைத்து, கோட்டை இழுத்தார். மேலே! நன்றாகவே மேலே!

"இப்ப சந்தோசமா டீச்சர்?"

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கார்டை இன்னொரு தடவை பார்த்தேன்.

"மிஸ்... இது கொஞ்சம் கூடுதலா ஏறிட்டோ?"

மிஸ் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.