விளக்கெண்ணெய் குடித்த எஞ்சின்

சரிபார்க்க முடிந்தவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். இந்நிகழ்ச்சி எங்கள் உறவினரிடையே பல வடிவங்களில் உலவுகிறது. ஒன்றில் ஹெலிகாப்டர் கோபுரத்தைச் சுற்றிப் பறந்தது. மற்றொன்றில் பந்தலைக் கொளுத்தியது. இரண்டும் பொய். நான் கண்ணால் கண்டதும் என் அக்காள் மறுக்காததும் தவிர வேறொன்றும் இதில் இல்லை. எஞ்சியிருக்கும் ஒரே சான்று என் மேசைமேல் இருக்கிறது: உள்ளங்கையில் அடங்கும், அந்த ஹெலிகாப்டரின் சிறிய எஞ்சின்.

அது அக்காளின் கணவருடையது. மாமா என்றே அவரை அழைப்பேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தில் கடைசல் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர், தம்மால் ஒருமுறையும் பறக்கவிட முடியாத ரிமோட் ஹெலிகாப்டரை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதே சமயம் மேனாம்பேட்டில் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு நிச்சயமாயிற்று. பெரிய கோயில்களில் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவுகிறார்களே, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று ஊர்க்கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மாமா எழுந்து, "நம்ம ஊட்லயே ஒண்ணு கீது. நான் தூவுறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய வாக்கு அந்த எஞ்சினிடம் சிக்கிக்கொண்டது.

கட்டிப்போட்டால் ஓடும், அவிழ்த்துவிட்டால் நின்றுவிடும். அதன் நோய் இதுதான். வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் அம்மிக்கல்லோடு கயிற்றால் பிணைத்து முடுக்கினால், தொட்டியின் கடைசிச் சொட்டுவரை உறுமித் தீர்க்கும். கயிற்றை அவிழ்த்து ஆளுயரம் எழுப்பியதும் இருமும், விக்கும், பொத்தென்று இறங்கும். மாமா பிளக்கை மாற்றினார். குழாயை மாற்றினார். தொட்டியைத் தண்ணீரில் அமிழ்த்தி ஓட்டை தேடினார். கார்புரேட்டர் ஊசியை மயிரிழை திருப்பினார். மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் அது ஒரு புதிய நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு அதே உயரத்தில் நின்றது. ஹெலிகாப்டரோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்வது என் வேலை. எரிபொருள் மிகுந்த கலவையை 'ரிச்' என்றும் குறைந்ததை 'லீன்' என்றும் அது குறித்தது. செழுங்கலவை, வறுங்கலவை என்று நான் தமிழ்ப்படுத்தினேன். மாமா ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல், "இன்னா மச்சான், எஞ்சின்ல கூடவா ஏழை பணக்காரன் கீறான்?" என்றார்.

அந்த எஞ்சின் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து குடிப்பது. கையேடு கேட்ட வகை எண்ணெய் இங்கே கிடைக்காததால், செக்குக்கடையில் வாங்கியதையே ஊற்றினோம். அது தெருவுக்குத் தெரிந்தது எங்கள் போதாத காலம். முனையிலிருந்த ஆட்டோக்காரர் மாமாவைக் காணும்போதெல்லாம், "அண்ணாத்தே, வெளக்கெண்ண குட்ச்சா நிக்காம போவும்பாங்க. உன்து நின்னு நின்னு போவுதே!" என்பார். அக்காளும் விட்டுவைக்கவில்லை. "கொயந்தைக்கு வாங்கியாந்ததையும் அதும் வாயிலயே ஊத்திட்டியா? அதுக்கு இன்னா சுளுக்கா, மாந்தமா?" மாமா சிரித்தார். எனக்கோ சிரிப்பு வரவில்லை. அந்த இயந்திரத்தைச் சுவரில் அறைய வேண்டும்போல் இருந்தது.

குடமுழுக்கு நாளின் காலையில், கோயிலருகே மண்தரையில் ஹெலிகாப்டர் நின்றது. அடியில் ரோஜா இதழ் நிரப்பிய சிறு பை. மாமா முடுக்கினார். அதுவரை அப்படியொரு ஒலியை அதனிடம் நான் கேட்டதில்லை. இருமலில்லை, விக்கலில்லை, ஒரே சீராக இழைந்தது. இறக்கைகள் சுழன்றன. மேலே சாரத்தில் கலசங்களோடு குருக்கள் காத்திருந்தார். கோபுரத்தடியில் நீர்த்துளிக்காக முகம் நிமிர்த்தி நெருக்கியடித்து நின்றது கூட்டம். அக்காளும் இடுப்பில் குழந்தையோடு அங்கேதான் நின்றாள். மாமா அந்த முகங்களைப் பார்த்தார். பிறகு விசையைத் தணித்தார். இறக்கைகள் ஓய்ந்ததும் குனிந்து, எரிபொருள் குழாயை இரு விரலால் இறுக்கிப் பிடித்தார். எஞ்சின் நின்றது.

"ஏன் மாமா? நல்லாத்தானே ஓடுது!" என்று கத்தினேன்.

"தரையிலதான் மச்சான் ஓடுது" என்றார்.

கூட்டத்திலிருந்து, "யோவ் வெளக்கெண்ண!" என்று ஒரு குரல் எழுந்தது. தெருவே சிரித்தது. மாமா பையை அவிழ்த்து இதழ்களைக் கையில் அள்ளிக்கொண்டு, எல்லோரையும்போல் கீழே நின்று தூவினார். பாதி அவர் தலைமேலேயே விழுந்தது. அது தானாக நின்றுபோன நாள்களையெல்லாம் பொறுத்துக்கொண்ட எனக்கு, ஓடியதை அவரே நிறுத்தியதைப் பொறுக்க முடியவில்லை. அந்த எரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அண்மையில் அதே கோயிலில் மறுபடி குடமுழுக்கு. வாடகைக்கு வந்த ட்ரோன் முணுமுணுத்தபடி மேலெழுந்து, பூவைக் கொட்டிவிட்டுத் திரும்பியது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விழுமோ என்று யாரும் அஞ்சவில்லை. அதைப் பார்க்க மாமா இல்லை. வீடு திரும்பி மேசைமேலிருந்த எஞ்சினைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே விளக்கெண்ணெய் பிசினாய் இறுகிவிட்டது, அசையவில்லை.

கட்டவிழ்த்தால் அது ஏன் நின்றது என்று நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை. எண்ணெயா, அதிர்வா, வேறொன்றா, தெரியாது. அன்று விட்டிருந்தால் பறந்திருக்குமா என்பதும் தெரியாது.