ஒரு நாளும் தவறாத பதில்கள்

ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில், எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமான் அறை உண்டு. சென்ற மாதம் அதைத் துப்புரவாக்கப் போன என் மகள், ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். உள்ளே ஒரே ஒரு தாள்தான் இருந்தது. மெழுகு பூசியதுபோல் வழவழப்பான, பழுப்பேறிய, ஒன்றும் எழுதப்படாத தாள். அதன் அடியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துண்டு பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அந்தத் துண்டில் சிவப்புப் பென்சிலால் என் கையெழுத்து: “மிக நன்று. இப்படியே தொடருங்கள்.” மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, ஒண்டுமில்லாத பேப்பருக்கு ஏன் மிக நன்று எண்டு எழுதி வச்சிருக்கிறீங்கள்?” என்று கேட்டாள். இரு, சொல்லுறன் என்று அவளை உட்காரவைத்தேன். பதில் எழுதுவதற்காகவே ஒரு காலத்தில் சம்பளம் வாங்கியவள் நான்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த நானும் கணவரும் ஒஸ்லோவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் பஸ் ஓட்டினார். நான் அலுவலகப் படிப்பு ஒன்றை முடித்து, கப்பல்களுக்குப் பம்புகள் செய்யும் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் ஒஸ்லோ கிளையில் சேர்ந்தேன். மொத்தம் ஏழு பேர். எங்கள் மேலாளர் ஜப்பானில் இருந்து வந்தவர். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். நோர்வேயில் பொறியியல் படித்து முடிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஜப்பானில் உள்ள தொழிற்சாலைக்கு அனுப்புவது அவருடைய பொறுப்பு. ஒரு வருடம் இரண்டு வருடத்துக்கு அல்ல, ஓய்வுபெறும் வயது வரைக்கும். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. சேர்ந்த முதல் மூன்று வருடமும் அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஒரு பக்க அறிக்கை எழுதி எங்களுக்கு ஃபாக்ஸில் அனுப்ப வேண்டும். அதன் அடியில் சிவப்பில் பதில் எழுதி, அவன் மறுநாள் விழிப்பதற்குள் நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று வருடம் ஒரு நாளும் தவறாமல் ஒருவனுக்குப் பதில் எழுதினால் அவன் முப்பது வருடம் நம்மைவிட்டுப் போகமாட்டான் என்று அடிக்கடி சொல்வார். சிவப்புப் பென்சிலை என்னிடம் தந்தபோது இரண்டு கைகளாலும் தந்தார்.

அப்படி நாங்கள் எடுத்த பிள்ளைகளில் ஒருவன், நான் தம்பி என்று கூப்பிட்டவன். தமிழ்நாட்டில் இருந்து மேற்படிப்புக்கு வந்தவன். நேர்முகத் தேர்வு முடிந்ததும் மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, உங்கள் மொழிக்காரன்தானே, இவன் கடைசிவரை இருப்பானா என்று கேட்டார். ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும் அவனோடு கதைத்திருந்த நான், இருப்பான் என்று சொல்லிவிட்டேன். ஊர் பேர் விசாரித்து, சோறு போட்டு, ஒருவனை முழுக்கத் தெரிந்துகொண்டதாக நினைக்கும் வியாதி எனக்கு உண்டு. பயணத்துக்கு முந்திய ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். நான் ‘கதைக்கிறது’ என்றால் சிரிப்பான். அவன் ‘மேடம்’ என்றால் நான் சிரிப்பேன். மூன்றாவது ஞாயிறு ‘அக்கா’ என்றான். கடைசி ஞாயிறு, கை கழுவிவிட்டு வந்து, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்றுகொண்டு சொன்னான்.

“முப்பது வருஷங்கிறாங்க அக்கா. அதுக்குள்ள நான் யாரா இருப்பேன்னே தெரியலையே.”

“போய் இருந்து பார் தம்பி. நான் ஒவ்வொரு நாளும் எழுதுவன்தானே” என்றேன்.

முதல் மாதங்களில் சொன்னபடியே செய்தேன். அறிக்கையின் மேற்பகுதியை ஆங்கிலத்தில் நிரப்புவான். அடியில் ‘மனதில் பட்டவை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தமிழில் எழுத மேலாளர் அனுமதி கொடுத்திருந்தார். தொழிற்சாலையில் அவனுக்குக் கொடுத்த முதல் வேலை, ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவிச் சரியான சதுரமாக்குவது. முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான்கு மாதம் இரும்பு ராவினான். விரல் தடித்துப்போனதையும், விடுதிக் குளியலறையில் கூச்சப்பட்டதையும், காலையில் எல்லாரும் வரிசையாக நின்று கையசைத்து உடற்பயிற்சி செய்வதையும் எழுதுவான். நானும் பாட்ஸ்பியோர்ட் குளிரையும், கை விறைத்துக் கத்தி பிடித்ததையும் எழுதுவேன். பிறகு இன்னும் நான்கு பிள்ளைகளை எடுத்தோம். ஒரு நாளைக்கு ஐந்து அறிக்கைகள் வந்தன. என் பதில்கள் சுருங்கின. மீன் தொழிற்சாலையில் கை தானாக வெட்டும், மனம் எங்கேயோ இருக்கும். அந்தப் பழக்கம் பென்சிலுக்கும் வந்துவிட்டது. எந்த அறிக்கைக்கும் பொருந்துகிற ஒரு வரியைக் கண்டுபிடித்தேன். மிக நன்று, இப்படியே தொடருங்கள்.

அவனுடைய அறிக்கைகளும் மெல்ல மெல்ல வற்றின. காலையில் ராவினேன், பின்னேரம் அளந்தேன், மழை, உடம்பு நலம். ஒருமுறை இரண்டு நாள் அறிக்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திகதியைத் தவிர, வரிக்கு வரி ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தின. மேலாளரிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அறிக்கையில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போவதுதான் ஆள் நம்மவனாகிவிட்டதற்கு அடையாளம் என்றார். சரி, தெரிந்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

யூலை வந்தது. யூலையில் ஒஸ்லோ வெறிச்சோடிப் போகும். கடைகளில் விடுமுறை அறிவிப்பு தொங்கும், ட்ராம்கள் ஆளில்லாமல் ஓடும், வெயில் மட்டும் தெருவெல்லாம் நிற்கும். எனக்கு நான்கு கிழமை, ஒரு மாதம் முழுக்க லீவு. ஆனால் ஜப்பானில் யூலையில் லீவு இல்லை, பதில் தவறக் கூடாது. நான் ஒரு வழி செய்தேன். வெள்ளைத் தாளை நாடாவாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அதே வரியைச் சிவப்பில், தம்பிக்குத் தமிழிலும் மற்றவர்களுக்கு ஆங்கிலத்திலும் எழுதி, ஐந்து பேருக்கும் போதுமான துண்டுகளை ஓர் உறையில் போட்டேன். வரவேற்பில் இருந்த நோர்வேக்காரப் பெண்மணி, ஓய்வுக்குக் கிட்டிய வயதுக்காரர், யூலையிலும் வேலை செய்தார். அறிக்கை வந்ததும் அடியில் ஒரு துண்டை ஒட்டித் திருப்பி அனுப்பினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் என்ன என்றுதான் அப்போது நினைத்தேன்.

லீவின் இரண்டாம் கிழமை, ஒரு முற்பகல். ரொம்மன் ஸ்டேஷனில் நகரத்துக்குப் போகும் ரயிலுக்காக நின்றேன். மேடையில் வேறு யாரும் இல்லை. எதிர் மேடையில் ஒருவன் நின்றான். அந்த வெயிலில் சாம்பல் நிறத் தடித்த மேற்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டபடி. எங்கள் ஜப்பான் தொழிற்சாலையின் சட்டை அது, நெஞ்சில் பெயர் தைத்திருக்கும். முகத்தைப் பார்த்தேன். தம்பி. என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை. வலது கையை மெல்லத் தூக்கினான், பாதியில் நிறுத்தினான். நான் கையைத் தூக்கவில்லை. ஏனென்றால் அது அவனாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவன் ஜப்பானில் இருக்கிறான், ஒவ்வொரு நாளும் அறிக்கை வருகிறது. என் ரயில் வந்து இடையில் நின்றது. ஏறி மறுபக்க ஜன்னலால் பார்த்தபோது மேடை வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கம் ரயில் ஒன்றும் வரவில்லை.

பிள்ளைக்கு அங்கே ஏதும் நடந்து, அவனுடைய ஆவிதான் வந்து நின்றதோ என்று பயந்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இன்றைக்கு அந்தப் பையனின் அறிக்கை வந்ததா என்று கேட்டேன். வந்தது, பத்து மணிக்கே வந்தது, உங்கள் பதிலையும் ஒட்டி அனுப்பியாயிற்று, நிம்மதியாக லீவில் இருங்கள் என்றார் அந்தப் பெண்மணி. உயிர் வந்தது. பின்னேரம் கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “உமக்கு வெயில் பிடிச்சிட்டுது. அவன் ஜப்பானில எல்லோ நிக்கிறான்.” நானும் சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பிள்ளையாருக்கு ஒரு விளக்கு ஏற்றினேன்.

லீவு முடிந்து போன முதல் நாள் காலை மேலாளர் என் மேசைக்கு வந்து, லீவிலும் ஒரு நாளும் தவறவில்லை என்று தலை குனிந்து நன்றி சொன்னார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் தம்பியின் கோப்பை எடுத்து முதல் தாளில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். மழை, அரம், உடம்பு நலம். அடியில் என் சிவப்பு வரி. மழை, அரம், உடம்பு நலம். அடியில் அதே வரி. ஒரு தாளில் மேற்பகுதி வழக்கம்போல் இருந்தது. அடிக்கட்டத்தில் மட்டும் இரண்டு வரி.

“அக்கா, இன்னைக்கு நான் இங்க இல்ல. நீங்க இத நிஜமாவே படிக்கிறீங்கன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க.”

அதற்குக் கீழே, கோணாமல் நேராக ஒட்டியபடி: “மிக நன்று. இப்படியே தொடருங்கள்.”

திகதியைப் பார்த்தேன். நான் ரொம்மன் ஸ்டேஷனில் நின்ற அதே நாள். அவன் ஜப்பானில்தான் இருக்கிறான் என்று எனக்குச் சாட்சி சொன்ன தாள் இதுதான். அவன் அங்கே இல்லை என்றுதான் அது சொல்லியிருந்தது. அடுத்த நாள் தாளில் மறுபடியும் மழை, அரம், உடம்பு நலம்.

நான் மேலாளரிடம் ஓடினேன். அவர் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே இருந்தவர்கள் குழம்பிப் போனார்கள். ஒஸ்லோ கிளை பயிற்சிக்குக் கூப்பிட்டது என்று சொல்லிவிட்டு அவன் மூன்று கிழமைக்கு முன்பே புறப்பட்டுவிட்டானே என்றார்கள். அவர்கள் அவன் எங்களிடம் இருப்பதாக நினைத்தார்கள், நாங்கள் அவன் அவர்களிடம் இருப்பதாக நினைத்தோம். மேலாளர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே பத்து மணியானது. மூலையில் ஃபாக்ஸ் இயந்திரம் உறுமத் தொடங்கியது. தாள் மெல்ல வெளியே வந்தது. இன்றைய திகதி. காலையில் ராவினேன், பின்னேரம் அளந்தேன், மழை, உடம்பு நலம். அவனுடைய கையெழுத்து. நாங்கள் இருவரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். வரவேற்புப் பெண்மணி என் உறையோடும் பசையோடும் வந்தார்.

பிறகு தொழிற்சாலையில் விசாரித்ததில் விளங்கியது. ஒரு மாதத்துக்கான அறிக்கைகளை முன்கூட்டியே எழுதி, நாளுக்கு ஒன்றாக அனுப்பும்படி விடுதிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவர் ஒரு நாளும் தவறவில்லை. எங்கள் பெண்மணியும் தவறவில்லை. நான் செய்ததை மேலாளரிடம் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இளவயதில் அவருக்கு வந்த பதில்களும் எல்லாம் ஒரே வரிதான் என்றார். அதை வைத்துக்கொண்டு அவர் முப்பது வருடம் இருந்துவிட்டாராம். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்று பின்னேரமே தம்பியின் ஊர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணன்காரன் எடுத்தான். தம்பி ஒஸ்லோவில் மூன்று நாள் நின்றுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான் என்றான். என்னிடம் சொல்லத்தான் ரொம்மனுக்கு வந்தானாம். அக்கா என்னைப் பார்த்தாங்க, பார்த்துட்டு ரயில் ஏறிப் போயிட்டாங்க என்று ஒரு தடவை சொன்னானாம். அதற்குப் பிறகு யாரோடும் பேச்சு இல்லையாம். அவனிடம் ரிசீவரைக் கொடுக்கச் சொன்னேன். பிறகு அண்ணன்காரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

“இங்கதாங்க நிக்கிறான். இல்லைன்னு சொல்லச் சொல்றான்.”

என் வாயில் என்ன வந்தது என்று இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. “நல்லது. நான் பிறகு எடுக்கிறன்” என்றேன்.

மறு வருடம் அந்தத் திட்டம் நின்றது, மேலாளர் ஜப்பானுக்குப் போனார். நான் இப்போது ஒரு மருத்துவமனையில் நேரம் குறித்துக் கொடுக்கிறேன். கோப்பில் இருந்த மற்றத் தாள்களை எறிந்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் காலத்து ஃபாக்ஸ் தாளில் எழுத்து நிற்காது, வருடக்கணக்கில் மங்கி மங்கிப் போய்விடும். எனக்கு அது தெரியும். நிலவறை இருட்டில் கொஞ்சமாவது மிஞ்சும் என்று நினைத்தேன். அவன் எழுதியதில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. என் துண்டில் மட்டும் சிவப்பு அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றையும் மகளிடம் சொல்லி முடித்தேன். அவள் தாளை மேசையில் வைத்து, வெறுமையாக இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“பிறகு அவருக்குப் ஃபோன் எடுத்தனீங்களோ அம்மா? என்ன கேட்டனீங்கள்?”

எடுக்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.